ஒரு வினா வங்கியை மூடி மறுபடி கட்டியபோது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த வினா வங்கியால் யாருக்கும் வருமானம் இல்லை. பொது அறிவில் ஆர்வமுள்ள சிலர் ஓய்வு நேரத்தில் சேர்த்தது. தொடக்கத்தில் அது வெறும் உரைக் கோப்பு: ஒரு வரிக்கு ஒரு கேள்வி, நடுவே ஒரு நட்சத்திரக் குறி, அதற்குப் பின் விடை. அரட்டை அறைகளில் வினாடி வினா நடத்திய நிரல்கள் அந்த வடிவத்தைத்தான் படித்தன. பிறகு அந்தக் கோப்பு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றில் ஏறியது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு முகப்பும் எழுதப்பட்டது. கேள்வி, விடை, பிரிவு, கடினம், சேர்த்தவர், சேர்த்த நாள் என்று ஆறு கட்டங்கள் இருந்தன. விடை எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்க இடமே இல்லை. அது தேவைப்படும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிகழ்வு நடந்த காலத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். வங்கியைத் தொடங்கியவர், கேள்விகளைத் திருத்திவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நிரல் வேலையைப் பார்த்த இளைஞர், இதை எழுதும் நான். ஆசிரியையை எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். வங்கியில் அப்போது ஏழாயிரத்துச் சொச்சம் கேள்விகள் இருந்தன. வாரம் ஒருமுறை போட்டி. வழக்கமாக வருபவர்களுக்கு ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும்.

முதல் அறிகுறி

ஒரு போட்டியில் கஜகஸ்தானின் தலைநகர் எது என்ற கேள்வி வந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி "அஸ்தானா" என்று எழுதினாள். "தவறு, சரியான விடை நூர்-சுல்தான்" என்றது நிரல். மறுநாள் அவள் மிகப் பணிவாக ஒரு கடிதம் அனுப்பினாள். நூர்-சுல்தான் என்ற பெயர் 2022இல் மறுபடியும் அஸ்தானா ஆகிவிட்டது என்று எழுதி, சான்றும் இணைத்திருந்தாள்.

திருத்திவிட்டு நன்றி சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரியின் வரலாற்றைத் தேடிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அதில் முதலில் இருந்த விடை அஸ்தானாதான். 2019இல் பெயர் மாறியதும் எங்களில் ஒருவர், சொல்லப்போனால் நானே, அக்கறையோடு அதை நூர்-சுல்தான் என்று மாற்றியிருக்கிறேன். 2022இல் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. நான் கைவைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி இன்று சரியாக இருந்திருக்கும்.

இதே கேள்வி வேறு சொற்களில் இன்னும் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்றில் விடை அல்மாட்டி. தலைநகர் அங்கிருந்து இடம் மாறியது 1997இல். மற்றொன்றில் அஸ்தானா, அது யாரும் தொடாததால் தப்பியது. ஒரே நாட்டுக்கு ஒரே வங்கியில் மூன்று தலைநகரங்கள்.

ஆராய்ந்தபோது கண்டவை

முதலில் கேள்விகளின் வயதைக் கண்டுபிடிக்க நினைத்தோம். சேர்த்த நாள் என்ற கட்டம் கைகொடுக்கவில்லை. எப்போதோ சர்வர் மாற்றியபோது எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நாள் பதிவாகிவிட்டது. வரிசை எண்கள் மட்டும் கலையாமல் இருந்தன. அப்போது டீச்சர் ஒரு வழி சொன்னார்: "விடைகளே நாளைச் சொல்லுமே!"

அப்படியே செய்தோம். உலகின் மிக உயரமான கட்டடம் தைப்பே 101 என்று ஒரு கேள்வி இருந்தால், அது 2004க்கும் 2010க்கும் இடையில் எழுதப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் 191 உறுப்பு நாடுகள் என்றால் 2002 செப்டம்பருக்கும் 2006 ஜூனுக்கும் இடைப்பட்டது. 192 என்றால், மான்டிநீக்ரோ சேர்ந்த பிறகு, 2011 ஜூலையில் தெற்கு சூடான் சேர்வதற்கு முன். ஒன்பது கோள்கள் என்று ஒருவர் எழுதியிருந்தால் அது 2006 ஆகஸ்ட் 24க்கு முந்தியது. அதற்குப் பிந்தியது என்றால் எழுதியவர் செய்தி படிப்பதில்லை. இயற்பியல் நோபல் பெற்ற பெண்கள் இருவர் என்றால் 2018 அக்டோபருக்கு முன். இப்படி ஐம்பது, அறுபது கேள்விகளுக்குக் காலம் குறித்து, வரிசை எண்ணோடு பொருத்தினோம். இடையில் இருந்தவற்றின் வயது தானாகத் தெரிந்தது. பாறை அடுக்கில் கிடக்கும் சிப்பியை வைத்து அடுக்கின் காலத்தைச் சொல்வார்களே, அந்த வேலைதான். பழுதான விடைகள் எங்களுக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறை மட்டுமே.

கிடைத்த படம் வருத்தம் தந்தது. வங்கியில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்டிருந்தது. பின்னால் சேர்ந்தவை சொற்பம். நாங்கள் வளர்த்துவருவதாக நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் எப்போதோ வளர்ச்சி நின்றுபோன ஒன்று.

அடுத்தது எழுத்துப் பழுது. அதை நெருங்கிப் பார்த்தபோதுதான் வியப்பு கூடியது. ஒரு கேள்வி திரையில் இப்படி வந்துகொண்டிருந்தது:

"இரண்டு வெவ்வேறு அறிவியல் துறைகளில் நோபல் பரிசு பெற்ற ஒரே பெண்மணியான மேரி கியூரியின் மகளும் நோ"

அதோடு முடிந்தது. விடைக் கட்டத்தில் ஐரீன் ஜோலியோ-கியூரி என்று இருந்தது. கேள்விக் கட்டத்தின் அளவு 255 பைட், குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) லத்தீன். அதனுள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் இருந்த தமிழைத் திணித்திருந்தோம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் தேவை. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். இடைவெளிகளையும் கணக்கில் சேர்த்தால் மேலே உள்ள வரி துல்லியமாக 255 பைட். பழைய மைஎஸ்கியூஎல் அதன் தளர்வான முறையில் மிச்சத்தை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் யாரும் பார்க்காத இடத்தில் போட்டுவிடும். வெட்ட மறுத்துப் பிழை காட்டும் கண்டிப்பான முறை இயல்பிருப்பாக வந்தது 5.7 பதிப்பில்தான். எனவே நீளமான கேள்விகள் எல்லாம் வாலில்லாமல் இருந்தன. வெட்டு ஒரு குறியின் நடுவே விழுந்த இடங்களில் கடைசி எழுத்துக்குப் பதில் கறுப்புச் சாய்சதுரம்.

இதைவிடப் பழைய கேள்விகள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்க எழுத்துருவில் தட்டச்சானவை. டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு, எழுதும் வரிசைப்படியே, மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது பின்னால் வரவேண்டும். மாற்றிய நிரல் சில இடங்களில் அதைத் திருப்பிப் போடாமல் விட்டதால், கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாகத் தொங்கியது.

இத்தனை பழுது இருந்தும் இத்தனை ஆண்டுகள் புகார் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டோம். பதிவேட்டைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. "மகளும் நோ" என்ற கேள்விக்கு வழக்கமான போட்டியாளர்கள் இரண்டு விநாடியில் சரியான விடை கொடுத்திருந்தார்கள். நூர்-சுல்தானும் அப்படித்தான். அவர்கள் படித்தது உலகத்தை அல்ல, எங்கள் வங்கியை. பிழைகளும் அவர்களுக்கு மனப்பாடம். புதியவர்கள்தான் விழுந்தார்கள், ஆனால் புதியவர்கள் பொதுவாகக் கடிதம் எழுதுவதில்லை, பேசாமல் போய்விடுவார்கள்.

மூன்றாவது, கேள்விகளின் மூலம். எழுத்துப் பிழை உட்பட ஒரே மாதிரி இருந்த கேள்வித் தொகுதிகள் வேறு சில இடங்களிலும் கிடைத்தன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. இந்தத் துறையில் இது பழைய சிக்கல். பொது அறிவுத் தொகுப்பு ஒன்றின் ஆசிரியரான ஃபிரெட் வொர்த், தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைத்துவைத்தார். 'டிரிவியல் பர்சூட்' விளையாட்டு அட்டையில் அதே பிலிப் வந்ததும் 1984இல் வழக்குப் போட்டார். நகல் எடுத்தது உண்மைதான். ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்ற அடிப்படையில் 1987இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். எங்களுக்கு அதில் உறைத்தது சட்டம் அல்ல. ஒரு பொய் எவ்வளவு எளிதாக அட்டையிலிருந்து அட்டைக்குப் பயணம் போகிறது என்பதுதான். எங்கள் வங்கியிலேயே நாக்கின் நுனியில் இனிப்பும் அடியில் கசப்பும் மட்டும் தெரியும் என்ற கேள்வி இருந்தது. நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்றும் ஒன்று. இவை காலாவதியானவை அல்ல. ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை.

திருத்துவதா, மூடுவதா

தொடங்கியவர் திருத்தலாம் என்றார். பிழை இருப்பதைத் திருத்திக்கொண்டே போட்டியை நடத்தலாம், மூடினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது; பின்னால் நடந்ததும் ஓரளவு அவர் சொன்னபடியே.

முதலில் நாங்களும் திருத்தித்தான் பார்த்தோம். 'தற்போது', 'இன்று', 'இதுவரை' போன்ற சொற்கள் உள்ள கேள்விகளை நிரல் மூலம் பிரித்தெடுத்தோம். சில நூறு கிடைத்தன. ஆனால் கெட்டுப்போன கேள்விகளில் பெரும்பாலானவற்றில் காலத்தைக் காட்டும் சொல்லே இல்லை. "உலகின் மிக உயரமான கட்டடம் எது?" என்ற வரியில் எந்தச் சொல்லைத் தேடுவது? "புருண்டியின் தலைநகர் எது?" என்பது கல்வெட்டுப் போல உறுதியாகத் தெரியும். புஜும்புராவிலிருந்து கிதேகாவுக்கு அது மாறியதை அறிந்தவர் மட்டுமே நிறுத்திப் பார்ப்பார். அதாவது ஏழாயிரத்தையும் ஒவ்வொன்றாக ஓர் ஆள் படித்தே தீரவேண்டும். படித்தே தீரவேண்டும் என்றால் பழைய அட்டவணையில் உட்கார்ந்து படிப்பதில் என்ன லாபம்?

மூடுவதற்கு என் சார்பில் நான் வைத்த காரணம் கஜகஸ்தான்தான். ஆதாரமும் சரிபார்த்த நாளும் எழுத இடமில்லாத வங்கியில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் இன்னொரு நூர்-சுல்தானை உருவாக்கும். திருத்தியவருக்கு மட்டும் தெரியும், அதுவும் அவர் மறக்கும் வரை.

நிரல் பக்கமும் நெருக்கடி இருந்தது. முகப்பு நம்பியிருந்த பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டவை. சர்வர் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எப்படியும் முகப்பை மாற்றி எழுத வேண்டிய நிலை.

இரண்டு வாரப் பேச்சுக்குப் பிறகு முடிவு இதுதான்: பழைய வங்கி பூட்டப்படும், புதிய வங்கி வெறும் அட்டவணையாகத் தொடங்கும், ஒரு கேள்வியும் தானாக இடம் மாறாது. பழைய கேள்வியானாலும் புதிய வாசல் வழியாக, ஆதாரத்தோடு, ஒருவர் எழுத மற்றொருவர் சரிபார்த்து, அதன் பிறகே உள்ளே வரும்.

மூடிய விதம்

பழைய தரவுகள் அப்படியே, பிழைகளோடு, மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டன. தரவுத்தள வடிவில் ஒன்று, வெறும் உரைக் கோப்பாக ஒன்று என இரண்டு பிரதிகள் மூன்று இடங்களில் வைக்கப்பட்டன. நல்லவேளையாக உரைப் பிரதியை எடுத்தோம். லத்தீன் கட்டத்துக்குள் கிடந்த தமிழை வெளியே எடுத்தபோது இரட்டைக் குறியாக்கம் ஆகியிருந்ததை, அதாவது ஏற்கனவே குறியாக்கம் ஆனது மறுபடியும் குறியாக்கம் ஆகியிருந்ததை, அதில்தான் கண்டோம்.

கேள்வி எழுதியவர்களுக்கு உரிமை பற்றி எதுவுமே சொல்லப்பட்டிருக்கவில்லை. முகவரி கிடைத்தவர்களுக்கு எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிடும், அதேபோல் பகிரும் உரிமத்தின் 4.0 பதிப்பில் தர ஒப்புதல் கேட்டோம். பதில் தந்தவர்கள் மகிழ்ச்சியோடு தந்தார்கள். பதில் இல்லாதவர்களின் வாசகத்தை விட்டுவிட்டோம். அந்தத் தகவல் வேண்டுமென்றால் ஆதாரத்திலிருந்து புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டோம்.

கேள்வியை மாற்றி எழுதியது

வேலையில் பாதிக்கு மேல் இதுதான், சுவையானதும் இதுதான்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஆயுள் வகை ஒன்று கொடுத்தோம். மாறாதது, மெல்ல மாறுவது, எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது. திருக்குறளில் எத்தனை அதிகாரங்கள் என்பது முதல் வகை. 133 என்பதை இனி யாரும் மாற்றப்போவதில்லை. சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள் என்பது கடைசி வகை. 2019இல் 82, 2023இல் 145, 2025இல் 274 என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த வகைக் கேள்வியில் விடையைத் துரத்தக்கூடாது, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும் என்பது சீக்கிரமே வழக்கமாகிவிட்டது. சனியின் மிகப் பெரிய நிலவு எது என்று கேட்டால் டைட்டன். எத்தனை புது நிலவு வந்தாலும் அது அசையாது.

'அதிக', 'மிக', 'கடைசி' என்று தொடங்கும் கேள்விகள் சாகும். 'முதல்', 'எந்த ஆண்டு' என்பவை பெரும்பாலும் பிழைக்கும். ஆகவே கோள்கள் எத்தனை என்ற கேள்வி, புளூட்டோ எந்த ஆண்டு குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டது என்று ஆனது. உலகின் மிக நீளமான ஆறு எது என்பதை எடுத்தே விட்டோம். நைலா அமேசானா என்பது எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நாங்கள் அல்ல.

தொடக்கத்தில் நான் எழுதியவை பார்க்கச் சகிக்கவில்லை. "2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த அளவீட்டின்படி எவரெஸ்ட் சிகரத்தின் உயரம், மீட்டரில், இரண்டு தசம இடங்களுக்கு, எவ்வளவு?" விடை 8848.86. பிழை ஒன்றும் இல்லை. டீச்சர் அதைப் படித்துவிட்டு, "இது கேள்வியா, கிரயப் பத்திரமா?" என்றார்.

அவர் வகுத்த விதி எளிமையானது. ஆண்டு கேள்விக்குள் வந்தால் அது துப்பாக வரவேண்டும், எச்சரிக்கையாக வரக்கூடாது. "மிக இளைய நோபல் பரிசாளர் யார்?" என்ற பழைய கேள்வியை அவர் இப்படி மாற்றினார்: "1915இல் 25 வயதில் நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக்கின் சாதனை 99 ஆண்டுகள் நின்றது. அதை 17 வயதில் முறியடித்தவர் யார்?" மலாலா யூசுஃப்சாய் என்ற விடை இனி மாறாது. நாளை பதினாறு வயதில் ஒருவர் பெற்றாலும் பிராக்கின் சாதனையை முறியடித்தவர் மலாலாதான். கேள்வியும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. இதைப் பார்த்த பிறகு நான் என் பத்திரங்களைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

எல்லாவற்றையும் கிளறிவிட்ட அந்தக் கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: "2019இல் நூர்-சுல்தான் எனப் பெயர் மாற்றப்பட்ட கஜகஸ்தான் தலைநகர், 2022இல் எந்தப் பெயருக்குத் திரும்பியது?" எழுதியவர் கட்டத்தில் அந்த மாணவியின் புனைபெயர் இருக்கிறது.

விடையை ஒப்பிடுதல்

பழைய நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. பார்வைக்கு ஒன்றான தமிழ், கணினிக்குப் பல. 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு குறிகளாகவும் தட்டலாம். இதை யூனிகோட் சீர்மை முறை ஒன்றாக்கிவிடும். 'ஔ' அப்படியல்ல. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒள' என்று எழுதுகிறார்கள். கணினி அதை வேறு சொல்லாகத்தான் பார்க்கும். அதற்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது. 'ஸ்ரீ'யில் ஸகரம், ஶகரம் என இரண்டு வழிகள். 'எட்டு' என்றாலும் 8 என்றாலும் ஒன்று.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு குறி பிசகினால் மன்னிக்கலாம் என்று இளைஞர் ஒரு தளர்வைச் சேர்த்தார், நாங்களும் கைதட்டினோம். முதல் சோதனைப் போட்டியிலேயே ஈராக் என்ற விடைக்கு ஒருவர் ஈரான் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார். இரண்டுக்கும் ஒரே ஒரு மெய்தான் வேறுபாடு. தளர்வு அன்றே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் ஏற்கத்தக்க எழுத்துக்கூட்டல்களைக் கையால் பட்டியலிடுவது மெதுவான வேலைதான், ஆனால் அதுவே நின்றது.

தவறிய இடங்கள்

வெளியிட்ட முதல் மாதத்தில் புதியவர்கள் திணறினார்கள். 'எளிது' என்று குறித்த கேள்விகளில்தான் அதிகம் தோற்றார்கள். கடினம் என்ற கட்டத்தை மட்டும் பழைய வங்கியிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தோம். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்ட எண் அது. சரியாகச் சொன்னவர்களோ வங்கியை மனப்பாடம் செய்தவர்கள். "மகளும் நோ" அந்தக் கணக்கில் மிக எளிய கேள்வி. தானாக எதுவும் இடம் மாறாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, எண் என்பதால் இதை யோசிக்காமல் விட்டோம். கட்டத்தைக் காலியாக்கிப் புதிதாகத் தொடங்கினோம்.

'மாறாதது' என்ற வகைக்கு மறுபடி சரிபார்க்கும் நாள் வைக்கவில்லை. மாறாததை ஏன் பார்க்க வேண்டும்? அந்த நம்பிக்கையில், பாரிஸ் அருகே வைக்கப்பட்டுள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராமின் வரையறை என்ற கேள்வி சரிபார்ப்பைத் தாண்டிப் புதிய வங்கிக்குள் வந்துவிட்டது. பழைய பாடநூல் ஒன்றின் பக்க எண் ஆதாரமாக இருந்தது. 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. எழுதியவர் பள்ளியில் படித்தது, சரிபார்த்தவர் பள்ளியில் நடத்தியது. இருவருக்கும் ஐயம் எழவில்லை. டீச்சர் இதை மிகவும் மனத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தவறு வெளியாட்களைப் பாதித்தது. பழைய வங்கி கேள்விகளை வெளியே தரும் ஓர் எளிய இணைப்பு வைத்திருந்தது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்து, அறிவிக்காமல் நிறுத்தினோம். வேறு ஆர்வலர்கள் இருவர் அதை நம்பித் தங்கள் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தது அதன் பிறகே தெரிந்தது. ஒருவரின் போட்டி பாதியில் நின்றது. சர்வர் பதிவேட்டை ஒருமுறை திறந்திருந்தால் போதும்.

பின்விளைவு

பழைய கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கும் தேறவில்லை. புதியவற்றைச் சேர்த்த பிறகும் வங்கி முன்பிருந்ததில் பாதிக்குக் குறைவு. வழக்கமான போட்டியாளர்களில் சிலர் விலகினார்கள். பல ஆண்டு மதிப்பெண் பட்டியல் பூட்டப்பட்டதை அவர்கள் ஏற்கவில்லை. ஒருவர், "என்னுடைய பத்து வருஷத்தை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டீர்கள்" என்று எழுதினார். அவருக்குச் சொல்ல எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

புகார்கள் கூடின. ஒவ்வொரு கேள்வியின் கீழும் ஐயம் தெரிவிக்கும் பொத்தான் வைத்ததே காரணம். வருபவற்றில் கணிசமானவை எழுத்துக்கூட்டல் பற்றியவை, சில, கேட்பவரே தவறாக நினைத்திருப்பவை, ஓரிரண்டு உண்மையானவை. முன்பு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் வராத அமைதிக்கு இது எவ்வளவோ மேல். சரிபார்க்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் மாதத்தின் முதல் நாள் டீச்சருக்குப் போகிறது. சிவப்பு மை கிடையாதே என்பதைத் தவிர அவருக்கு வேறு குறை இல்லை.

மறுபடி செய்ய நேர்ந்தால்

மூடுவதற்கு முன் மூன்று மாத அறிவிப்பு கொடுப்போம். பழைய இணைப்பு சட்டென நிற்காமல், "இந்த வங்கி மூடப்படுகிறது" என்பதையே ஒரு கேள்வியாகத் திருப்பி அனுப்பும். மதிப்பெண் பட்டியலை மூடும் செய்தியை அறிவிப்பாகப் போடாமல், முன்னணியில் இருந்தவர்களிடம் முதலில் தனித்தனியே பேசுவோம். சரிபார்ப்பு வேலைக்கும் அவர்களையே அழைத்திருக்கலாம். வங்கியின் பிழைகளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

மறுபார்வை நாளை நாட்காட்டி பார்த்து வைக்காமல் நிகழ்வைப் பார்த்து வைப்போம். நோபல் கேள்விகளை அக்டோபரில் அறிவிப்பு முடிந்ததும் பார்த்தால் போதும்; மார்ச்சில் பார்த்துப் பயனில்லை. 'மாறாதது' என்ற வகைப் பெயரை 'மாறாது என்று நினைப்பது' என்று மாற்றிவிட்டோம். அதற்கும் ஐந்தாண்டுக்கு ஒரு பார்வை உண்டு.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் தொடங்கியவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நான்கு பேரும் மூன்று கூட்டங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.